தேடும் பிள்ளைக்குக் கிடைக்காத நோட்ஸ்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக்கு, பழைய மாணவர் சங்கத்துக்கு, பள்ளிவாசலுக்கு, ஊர் நூலகத்துக்கு என்று இணையத்தளம் நடத்துகிறவர்களும் இனி ஒன்று தொடங்க யோசிக்கிறவர்களும் தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள். ஓ.எல், ஏ.எல் எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டாரும் வாசியுங்கள். இது உங்கள் பிள்ளையின் விசயம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நமது இணையத்தளங்களில் உள்ளவற்றைப் போட்ட திகதிப்படி அடுக்குவதை நிறுத்திவிட்டு, பாடவாரியாக, தலைப்புவாரியாக அடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பிள்ளை கூகுளில் தேடும்போது நமது பக்கம் மேலே வர வழி பிறக்கும். செய்யாவிட்டால் எத்தனை இலட்சம் கொடுத்து எவ்வளவு அழகான இணையத்தளம் கட்டினாலும் அது திறப்பு விழா அன்று நாம் பார்த்ததோடு சரி.

முதலில், இது ஏன் அவசரம் என்று சொல்கிறேன்.

தரம் 10 விஞ்ஞானத்தில் நேர்கோட்டு இயக்கம் என்று ஒரு பாடம் இருக்கிறது. நமது பாடநூலில் கதி என்பது ஒன்று, வேகம் என்பது வேறொன்று. கதிக்குத் திசை இல்லை. வேகத்துக்குத் திசை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நாம் கதி என்பதைத்தான் வேகம் என்கிறார்கள். நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கிறார்கள். இரண்டும் சரி, அவரவர் பாடத்திட்டத்துக்குள்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு பிள்ளை 400 மீற்றர் ஓடுபாதையை ஒரு சுற்று ஓடி, 100 செக்கனில் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. நமது பாடத்திட்டப்படி சராசரிக் கதி செக்கனுக்கு 4 மீற்றர். சராசரி வேகம் பூச்சியம், ஏனென்றால் இடப்பெயர்ச்சி பூச்சியம். பிள்ளை இரவில் போனை எடுத்து "சராசரி வேகம்" என்று தேடி, தமிழ்நாட்டுப் பாடத்துக்கு எழுதிய ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு வந்தால் சராசரி வேகம் 4 என்று எழுதும். பிள்ளை படிக்காமல் இருக்கவில்லை. படித்ததால்தான் புள்ளி போனது.

இப்படி இன்னும் எத்தனையோ. நாம் ஆர்முடுகல் என்பதை அவர்கள் முடுக்கம் என்கிறார்கள். நமது ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. நமது கலம் அங்கே செல். நமது இழையம் அங்கே திசு. நமது பௌதிகவியல் அங்கே இயற்பியல், இரசாயனவியல் அங்கே வேதியியல். தமிழ்நாட்டு ஆசிரியர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக எழுதி, ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் தேடினால் அது வருகிறது. நமது பிள்ளைக்காக நமது சொல்லில் எழுதியது எங்கே என்பதுதான் கேள்வி.

எழுதாமல் இல்லை. நிறையவே எழுதியிருக்கிறோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் இரவிரவாக இருந்து நோட்ஸும் செயலட்டையும் தயாரித்தார்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்ட காலத்தில், வினாத்தாளெல்லாம் போன் வழியாகத்தான் ஓடியது. எவ்வளவு நல்ல வேலை அது. அதெல்லாம் இன்று எங்கே?

பாதி வட்ஸ்அப் குழுமங்களில். அங்கே உள்ளதைக் கூகுள் பார்க்க முடியாது. போன் மாற்றினால் பலருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வருசமும் "சேர், அந்தப் பேப்பர இன்னொருக்கா போட ஏலுமா?" என்று அதே கேள்வி வருகிறது. இன்னொரு பகுதி முகநூலில். தனிப்பட்ட குழுமத்தில் போட்டது கூகுளுக்கு வராது. பகிரங்கமாகப் போட்டதும் மூன்று நாளில் கீழே போய்விடும். மிச்சம் கூகுள் டிரைவில், நூற்றுக்கணக்கான கோப்புகளாக, "ஸ்கேன் 23", "புதியது இறுதி 2" என்ற பெயர்களில்.

சரி, இணையத்தளம் இருக்கிற இடங்களிலாவது? பல ஊர்த் தளங்களைப் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் பிரதம அதிதி பொன்னாடை போர்த்தப்படும் படம். அதன் கீழ் இல்ல விளையாட்டுப் போட்டி. அதன் கீழ் அனுதாபச் செய்தி. அதன் கீழ் "கணித வினாத்தாள் பதிவேற்றப்பட்டுள்ளது" என்று ஒரு வரி. எந்தத் தரம், எந்தத் தவணை, எந்தப் பாடம், ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு விழா வரும். வினாத்தாள் இரண்டாம் பக்கத்துக்குப் போகும். மூன்று மாதத்தில் பத்தாம் பக்கம்.

இதை நான் திகதி அடுக்கு என்கிறேன். செய்திக்கு இது பொருத்தம். அறிவுக்குப் பொருத்தமில்லை.

நமது பாடசாலை நூலகத்தைப் பாருங்கள். நூலகப் பொறுப்பாசிரியர் புத்தகங்களை வாங்கிய திகதிப்படியா அடுக்குகிறார்? அன்பளிப்புச் செய்தவரின் பெயர்ப்படியா? 1876 இல் வெளியான தூயி தசமப் பகுப்பின்படி விஞ்ஞானம் 500 இல், கணிதம் 510 இல், இஸ்லாம் 297 இல். தரம் 6 பிள்ளைக்கும் எந்த அலுமாரிக்குப் போவது என்று தெரியும். அதே பாடசாலையின் இணையத்தளத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாசலில் வைக்கிறோம்.

மௌலவிமார்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஹதீஸ் கிரந்தங்களில் இந்த இரண்டு முறையும் இருக்கின்றன. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னத் அறிவிப்பாளர் வாரியாகத் தொகுக்கப்பட்டது. அபூபக்ர் (ரழி) அவர்கள் அறிவித்தவை ஓரிடத்தில், உமர் (ரழி) அவர்கள் அறிவித்தவை ஓரிடத்தில் என்று போகும். அறிவிப்பாளர் யார் என்று தெரிந்த ஆலிமுக்கு அது பெரும் பொக்கிசம். ஆனால் நோன்பு பற்றிய ஒரு சட்டத்தைத் தேடுகிற சாதாரண ஆளுக்கு எந்த ஸஹாபியிடம் போய்த் தேடுவது என்று தெரியாது.

இமாம் புஹாரி (ரஹ்) அவர்களின் ஸஹீஹ் அப்படியில்லை. வஹியின் ஆரம்பம், ஈமான், இல்மு, வுழூ என்று தலைப்புவாரியாகச் செல்கிறது. இன்று நாம் பாவிக்கும் எண்ணிடலின்படி 97 கிதாபுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பாபுகள். ஒரு ஹதீஸ் பல தலைப்புகளுக்குப் பொருந்தினால் பல இடங்களில் வரும். நிய்யத் பற்றிய அந்தப் பிரபலமான ஹதீஸ் 7 இடங்களில் வருகிறது. ஈமானைத் தேடுகிறவருக்கும் கிடைக்கும், நிகாஹைத் தேடுகிறவருக்கும் கிடைக்கும், சத்தியம் செய்வது பற்றித் தேடுகிறவருக்கும் கிடைக்கும். இன்று இணையத்தளக்காரர்கள் உள்ளிணைப்பு என்று சொல்வதன் பலன் இதுதான்: எந்த வாசலால் நுழைந்தாலும் தேவையானது கைக்கு வருவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தில் அஹ்மத் அப்துர் ரஹ்மான் அல்பன்னா என்ற அறிஞர், தொழிலால் கடிகாரம் திருத்துபவர், முஸ்னத் அஹ்மத் முழுவதையும் எடுத்துத் தலைப்புவாரியாக மறுபடி அடுக்கினார். அல்ஃபத்ஹுர் ரப்பானி என்பது அந்தக் கிரந்தம். இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் கொண்ட ஒரு கடலை, தேடுகிறவனுக்கு வசதியாக ஒரு மனிதன் உட்கார்ந்து பிரித்திருக்கிறார். நமக்கு முன்னால் இருப்பது ஒரு பாடசாலையின் சில நூறு கோப்புகள்.

இனி கூகுள் விசயத்துக்கு வருவோம். பலர் இதை ஏதோ மந்திரம் போல் நினைக்கிறார்கள். வேலை மூன்று படிதான்.

முதலாவது, கூகுளின் நிரல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போகும். எந்த இணைப்பும் இல்லாத பக்கம் பாதை இல்லாத வளவு மாதிரி. அங்கே யாரும் போகமாட்டார்கள்.

இரண்டாவது, போன இடத்தில் உள்ள எழுத்தை வாசித்து, இது எதைப் பற்றிய பக்கம் என்று தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பக்கத்தின் தலைப்பு, உள்ளே உள்ள உபதலைப்புகள், அந்தப் பக்கத்துக்கு வரும் இணைப்பில் என்ன சொல் எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்கும். "இங்கே அழுத்தவும்" என்று எழுதிய இணைப்பு அதற்கு ஒன்றும் சொல்லாது. "தரம் 10 நேர்கோட்டு இயக்கம்: வினாக்களும் விடைகளும்" என்று எழுதிய இணைப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மூன்றாவது, ஒருவர் தேடும்போது பதிவேட்டில் உள்ளவற்றில் எது அந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கிறது என்று வரிசைப்படுத்தும். ஒரு தளத்தில் ஒரே விசயத்தைப் பற்றிப் பல நல்ல பக்கங்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், எது தலைமைப் பக்கம், எது கிளைப் பக்கம் என்பது அதற்குத் தெளிவாகும். ஒத்த பக்கங்களை ஒரே பிரிவின் கீழ் வையுங்கள் என்று கூகுள் தனது வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

நமக்கு இங்கே ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. "ஆர்முடுகல்", "ஒளித்தொகுப்பு", "இணைந்த கணிதம்" போன்ற சொற்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழ்மொழி மூல மாணவர்களும் ஆசிரியர்களும்தான். ஆங்கிலத்தில் ஒரு பாடத்தை எழுதினால் உலகத்தோடு போட்டி போட வேண்டும். இந்தச் சொற்களில் எழுதினால் போட்டி மிகக் குறைவு. ஒரு சிறிய ஊர்ப் பாடசாலையின் தளம் முதல் வரிசைக்கு வரக்கூடிய இடம் இது.

எப்படிச் செய்வது? ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன்.

முதல் பக்கத்தில் தரம், பாடம் என்ற இரண்டு வழிகள் பெரிதாகத் தெரிய வேண்டும். விழாப் படங்கள் "செய்திகள்" என்ற தனிப் பிரிவுக்குப் போகட்டும். அவற்றை அழிக்கச் சொல்லவில்லை. அவற்றுக்கும் ஒரு இடம் உண்டு. வாசலை மறைக்காமல் இருந்தால் போதும்.

தரம் 10 விஞ்ஞானம் என்பது ஒரு தலைமைப் பக்கம். அதில் பாடநூலில் உள்ள அதே வரிசையில், அதே பெயரில் எல்லாப் பாடங்களும் இருக்க வேண்டும். நேர்கோட்டு இயக்கம், நியூட்டனின் இயக்க விதிகள், உராய்வு என்று ஒவ்வொன்றும் தனது பக்கத்துக்கு இணைப்பாக. நாமாக அழகான பெயர் வைக்கக் கூடாது. பிள்ளை பாடநூலில் உள்ள பெயரைத்தான் தேடும்.

நேர்கோட்டு இயக்கம் என்ற பக்கத்தில் முதலில் பத்து வரியில் பாடச்சுருக்கம். பிறகு தூரம், இடப்பெயர்ச்சி, கதி, வேகம், ஆர்முடுகல் என்று உபதலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் உதாரணக் கணக்கு. "தமிழ்நாட்டு நூல்களில் இதை முடுக்கம் என்பர்" என்று ஒரு வரியும் சேருங்கள். பிள்ளை குழம்பாமல் இருக்கவும் உதவும், இரண்டு சொல்லில் தேடினாலும் பக்கம் கிடைக்கவும் உதவும். பிறகு இந்தப் பாடத்திலிருந்து வந்த கடந்தகால வினாக்கள், விடை விளக்கத்தோடு. கடைசியில் அடுத்த பாடத்துக்கும் தலைமைப் பக்கத்துக்கும் இணைப்பு.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்பது இங்கே முக்கியம். மூன்று ஆசிரியர்கள் அதே பாடத்துக்கு மூன்று நோட்ஸ் தந்தால் மூன்று பக்கம் போடாதீர்கள். ஒன்றாகச் சேர்த்து, மூன்று பேரின் பெயரையும் போடுங்கள். இல்லாவிட்டால் நமது பக்கங்களே ஒன்றோடொன்று போட்டி போடும். கூகுளுக்கும் எது நல்லது என்று தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

பக்கத்தின் முகவரியைச் சின்னதாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் எழுத்தில் வைத்தால் வட்ஸ்அப்பில் அனுப்பும்போது பல நேரம் நூறு நூற்றைம்பது குறியீடுகளாக நீண்டுவிடும். ஆட்கள் பயந்து திறக்கமாட்டார்கள். பக்கத்தின் தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும். பிள்ளைகள் பலர் "டென்த் சயன்ஸ் தமிழ் மீடியம்" என்று ஆங்கில எழுத்திலும் தேடுவார்கள். ஆகவே தலைமைப் பக்கத்தில் அந்தச் சொற்களையும் ஓர் இடத்தில் இயல்பாக எழுதிவிடுங்கள். ஒரு தரம் போதும். நூறு தரம் எழுதினால் கூகுள் அதை ஏமாற்று வேலை என்றுதான் எடுக்கும்.

தளத்தைப் புதிதாக மாற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். பழைய பக்கங்களின் முகவரியைத் திடீரென்று அழித்துவிடாதீர்கள். பழைய முகவரிக்கு வருபவர் தானாகவே புதிய பக்கத்துக்குப் போகும்படி செய்யச் சொல்லுங்கள். தளம் செய்து தருகிற பொடியனுக்கு அது தெரிந்த வேலைதான். கேட்டால்தான் செய்வான்.

அடுத்தது, கோப்புகளின் நிலை. நமது ஆசிரியர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துக்களின் குவியல். கூகுள் அதை வாசித்தால் ஒன்றும் விளங்காது. யுனிகோடில் தமிழ் 1991 ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாக உள்ளன. ஒரு வினாத்தாளுக்கு ஐந்து நிமிட வேலை, பிறகு பிழை பார்க்க இன்னும் கொஞ்சம்.

போனில் படம் பிடித்த வினாத்தாளும் இதே மாதிரித்தான். கோப்பு மட்டும் போட்டால் போதாது. அதன் மேலே எந்தத் தரம், எந்தப் பாடம், எந்த ஆண்டு, எந்தத் தவணை, எத்தனை வினா, எந்தெந்தப் பாடங்களிலிருந்து என்று நாலு வரி யுனிகோடில் எழுதுங்கள். தேடுகிற பிள்ளையின் டேட்டாவும் மிச்சமாகும். திறந்து பார்த்துவிட்டுத் "இது இல்ல" என்று மூடத் தேவையில்லை.

பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தினுடையது. ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்தினுடையது. பரீட்சை வினாத்தாள் பரீட்சைத் திணைக்களத்தினுடையது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்து நமது தளத்தில் போடுவது முறையுமல்ல, பயனுமல்ல. அந்தந்த இடத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, நமது ஆசிரியர்கள் எழுதிய விளக்கத்தை நமது பக்கத்தில் வைப்போம். ஆசிரியரின் நோட்ஸைப் போடும்போது அவரிடம் கேட்டு, பெயரோடு போட வேண்டும். இது அமானத்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இதே கதைதான். ஒரு வீட்டில் மௌத்து நடந்த இரவில் ஒருவர் போனை எடுத்துத் தேடுகிறார். கபனுக்கும் குளிப்பாட்டலுக்கும் யாரோடு பேசுவது, கப்று வெட்ட யாருக்குச் சொல்வது, கிராம உத்தியோகத்தரிடம் எதற்காகப் போக வேண்டும், மரணத்தைப் பதிய என்னென்ன ஆவணம் தேவை. இந்த நாலும் "ஜனாஸா" என்ற ஒரே பக்கத்தில் இருந்தால் எவ்வளவு பெரிய உதவி. எங்கோ போன வருச அறிவித்தல் ஒன்றுக்குள் தொலைபேசி இலக்கம் கிடந்து என்ன பயன்? ஜனாஸா, நிகாஹ், ஸகாத், மக்தப் அனுமதி, இந்த நான்கு பக்கங்களை ஒழுங்காக எழுதினாலே ஒரு பள்ளிவாசல் தளம் ஊருக்கு உதவும் தளமாகிவிடும்.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் நம்மிடமே இருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாண்டு எல்லாம் யுனிகோடில் எழுதப்பட்டிருக்கின்றன. நூலின் பக்கங்கள் ஸ்கேன் படமாக இருந்தாலும், அதன் பெயரைத் தேடினால் கிடைப்பதற்கு அந்தச் சின்ன அட்டவணைதான் காரணம்.

இனி, இதைச் சொன்னால் வரும் மறுப்புகள்.

"ஒரு கம்பெனிக்குக் காசு கொடுத்தால் முதல் இடத்துக்குக் கொண்டுவருவார்களாமே?" முதல் இடம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. உத்தரவாதம் தருகிறவரிடம் சங்கத்தின் காசைக் கொடுக்காதீர்கள். அப்படிச் சிலர் செய்வது, ஒன்றுமில்லாத பக்கங்களை நூற்றுக்கணக்கில் உண்டாக்கிச் சொற்களை நிரப்புவது. 2011 இல் பாண்டா என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்ததே அப்படியான சப்பைப் பக்கங்களைக் கீழே தள்ளத்தான். அந்தக் காசில் இரண்டு ஏ.எல் முடித்த பிள்ளைகளுக்குக் கொடுப்பனவு கொடுத்துப் பாமினியை யுனிகோடாக மாற்றச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் கைச்செலவு, தளத்துக்கும் உயிர்.

"இப்ப யார் வாசிக்கிறாங்க, எல்லாம் யூடியூப், இல்லாட்டி சாட்ஜிபிடி." யூடியூப்பிலும் தலைப்புத்தான் தேடப்படுகிறது. "இன்றைய வகுப்பு" என்று பெயர் வைத்த வீடியோவை யார் கண்டுபிடிப்பார்? செயற்கை நுண்ணறிவும் இணையத்தில் எழுதப்பட்டதிலிருந்துதான் கற்கிறது. நமது சொல்லில், நமது பாடத்திட்டத்தில் எழுதிய பக்கங்கள் குறைவாக இருந்தால் அதுவும் கதியை வேகம் என்றுதான் சொல்லும். பக்கம் எழுதுவது முன்னரைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

"டியூஷன் சேர்மாரின் வயிற்றில் அடிப்பதாகாதா?" ஆகாது. பக்கம் படித்த பிள்ளைக்கும் ஆசிரியர் தேவை. ஆனால் டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளை என்று ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கிறது. ஓ.எல்லுக்கு 9 பாடம். ஒன்பதுக்கும் வகுப்புக்கு அனுப்ப எத்தனை வாப்பாமாரால் ஏலும்? தாயின் போனை இரவு ஒரு மணித்தியாலம் வாங்கிப் படிக்கிற அந்தப் பிள்ளைக்கு, தேடியதும் சரியான பக்கம் வருவதுதான் டியூஷன்.

"யார் இதைச் செய்வது?" இந்தக் கேள்விதான் நியாயமானது. ஒரு ஆள் செய்ய முடியாது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர், தட்டச்சுக்கு இரண்டு மாணவர்கள், தளத்தைக் கவனிக்க ஒருவர். ஒரே நேரத்தில் ஒன்பது பாடத்தையும் தொட வேண்டாம். இந்தத் தவணையில் ஒரு பாடம். அதில் பத்துப் பக்கம். கூகுளின் சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்தால், எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கலாம். எந்தப் பக்கத்தை அடுத்து எழுத வேண்டும் என்று பிள்ளைகளே அதில் சொல்லிவிடுவார்கள். உடனே பலன் தெரியாது. சில வாரம், சில மாதம் எடுக்கும். பொறுமை வேண்டும்.

ஸதகதுல் ஜாரியா என்று குத்பாவில் அடிக்கடி கேட்கிறோம். ஒருவர் மரணித்த பின்னும் தொடரும் நன்மைகளில் பயன் தரும் அறிவும் ஒன்று. குளாய்க் கிணறு அடித்துக் கொடுத்தவர் தண்ணீர் எடுக்கும் வாயைப் பூட்டி வைப்பதில்லை. ஓய்வுபெற்றுப் போன, சிலர் மௌத்தாகியும் போன ஆசிரியர்களின் கையெழுத்து நோட்ஸ் இன்னும் அலுமாரிகளில் இருக்கின்றன. அவை ஒரு பிள்ளையின் கைக்குப் போகும் வரை அந்த நன்மைக்கும் பாதை அடைபட்டுத்தான் கிடக்கிறது.

ஆகவே நிர்வாகங்களிடம் என் கோரிக்கை இது. அடுத்த கூட்டத்தில் தளத்தின் நிறம், படம், பெயர்ப்பலகை பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கடதாசியை எடுங்கள். ஊர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் தேடக்கூடிய இருபது விசயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே நமது தளத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறதா, முதல் பக்கத்திலிருந்து மூன்று அழுத்தலில் அங்கே போக முடிகிறதா என்று குறியுங்கள். அந்தக் கடதாசிதான் உங்கள் தளத்தின் வரைபடம்.

ஆசிரியர்களிடம் என் கோரிக்கை: உங்களிடம் உள்ள மிகச் சிறந்த ஒரே ஒரு பாடக்குறிப்பை இந்த மாதம் யுனிகோடில் மாற்றித் தாருங்கள். ஒன்று போதும்.

விஞ்ஞானப் பாடத்துக்குக் கைகொடுக்க விரும்புகிறவர்கள், தட்டச்சுத் தெரிந்த மாணவர்கள், தளம் செய்யத் தெரிந்த தம்பிமார் தங்கைமார் கீழே எழுதுங்கள். எந்தப் பாடத்தோடு தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பயன் தரும் அறிவைக் கொடுப்பானாக, அதைத் தேடும் வழியை இலேசாக்குவானாக.

வஸ்ஸலாம்.